செய்முறைத் தேர்வுக்கு வராத அக்தர் பேகம்

அக்தர் பேகம் பிளஸ் டூவில் தேறவில்லை. அதுவும் சமையல் பாடத்தில் தேறவில்லை. இதைச் சொன்னால் இரும்புலியூரில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிகிறது. எப்படித் தேறாமல் போனார் என்பதை யாரிடமாவது முழுசாகச் சொல்லித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இரும்புலியூரில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சந்தில் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சமையற்கூடம். காலையில் அந்தச் சந்துக்குள் நுழையும்போதே வெங்காயம் வதங்கும் வாசனையும் அக்தரின் குரலும் சேர்ந்து வரும். வேலைக்கு இருக்கும் ஆறேழு பெண்களில் யாரையாவது விரட்டிக்கொண்டிருப்பார். கணவர் அத்தாவுல்லா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சமைத்ததை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது அவர் வேலை. அதிகம் பேசாத மனிதர். பேச நினைத்தாலும் அந்த வீட்டில் அவருக்கு முறை வராது.

தன்னடக்கத்தை அக்தரிடம் தேட வேண்டாம். “என் கையால ஒருவாட்டி துன்னவன் வேற எங்கனா போயி நல்லா கீதுன்னு சொன்னான்னா, அவனுக்கு ஜொரம்னு அர்த்தம் மிஸ். நாக்கு செத்துப்பூட்ச்சு” என்பார். பிரியாணியும் தால்சாவும் கத்திரிக்காய்த் தொக்கும் அப்படித்தான் இருக்கும், மறுப்பதற்கில்லை. இனிப்பு மட்டும் அவருக்கு வராது. அவர் செய்யும் கஸ்டர்ட் ஒருநாளும் ஒழுங்காகக் கெட்டியானதில்லை. அதற்கும் பாலின் மேல்தான் பழி போடுவார்.

பள்ளிப் படிப்பு பத்தாவதோடு நின்றது. பதினொன்றில் சேர்ந்து, புத்தகத்துக்கு அட்டை கூடப் போட்டுவிட்டார். அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. அதைப் பற்றி அவருக்குப் பெரிய மனக்குறை இருந்ததாகவும் தெரியவில்லை. பேச்சிலர் அறைகளுக்கு டிபன் கேரியர் கொடுக்க ஆரம்பித்து, வளைகாப்பு, நிக்காஹ் என்று வளர்ந்து, கடைசியில் மேடவாக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கேன்டீனுக்கு மதியச் சாப்பாடு போடும் அளவுக்கு வந்துவிட்டார். கல்யாண ஆர்டர் மாசத்துக்கு மாசம் மாறும். கேன்டீன் மாறாது. அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் அந்தப் பெண்கள் எல்லோருக்கும் மாசச் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பெனியில் நிர்வாகத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? சமையற்கூடப் பொறுப்பாளர் பிளஸ் டூவாவது முடித்திருக்க வேண்டும், அதில் உணவுத் தயாரிப்பு ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார். அடுத்த ஜூனுக்குள் சான்றிதழ் காட்டினால் கேன்டீன் அக்தருக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. அக்தரின் சாப்பாட்டைத் தினமும் வாயில் போட்டுக்கொண்டேதான் அவர் இந்த விதியை எழுதியிருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அதே சமயத்தில்தான் எங்கள் திறந்தநிலைப் பள்ளி வாரியம் பிளஸ் டூவைத் தலைகீழாக மாற்றியது. மனப்பாடம் செய்தது போதும், இனி கைவேலைக்கே முதலிடம் என்றார்கள். தொழிற்பாடத்தில் நூற்றுக்கு அறுபது செய்முறைத் தேர்வுக்கு. கூடவே வேலைவாய்ப்புத் திறன் என்று ஒரு புதுப் பாடம். வயது வரம்பு கிடையாது. தாம்பரம் பேருந்து நிலையத்தில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். “இது எனக்குன்னே போட்ட சட்டம் மாதிரி கீது மிஸ்” என்று அக்தர் பிற்பாடு என்னிடம் சொன்னார். சொல்லப்போனால் நானும் அப்படித்தான் நம்பினேன். காகிதத்தில் படித்தபோது அவ்வளவு நல்ல திட்டம் அது.

நான் செம்பாக்கத்தில் இருக்கிறேன். வாரநாளில் ஒரு பள்ளியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இயங்கிய அந்தப் படிப்பு மையத்தில் ஆங்கிலமும் வேலைவாய்ப்புத் திறனும் எடுத்தேன். என் பெயர் ஸ்ரீவித்யா, அங்கே எல்லோருக்கும் வித்யா மிஸ். ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்தில் மையம் நடந்தது. ஒருங்கிணைப்பாளர் தனசிங். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, எதைக் கேட்டாலும் “பாத்துக்கலாம் மேடம்” என்ற பதில். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் நாங்களும் கொஞ்சம் உஷாராக இருந்திருப்போம்.

வேலைவாய்ப்புத் திறனில் முதல் பாடம், ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது. பத்தொன்பது வயதுப் பெண் கைனாத்தும், இருபத்திரண்டு வயது ஷ்யாம்சுந்தரும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அக்தர் புர்காவைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். “மை நேம் ஈஸ் அக்தர் பேகம். ஐ ஆம் குக்கிங். நீங்க எப்போ வரீங்க சாப்ட?” என்றார். வகுப்பே சிரித்தது. நான் முழு மதிப்பெண் போட்டேன். வேலை என்ன என்பதையும் சொல்லி, வாடிக்கையாளரையும் பிடித்துவிட்டாரே, இதற்கு மேல் என்ன திறன் வேண்டும்?

அந்த மையத்தில் ஒரு சமையல் ஆய்வகம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாரியம் அங்கீகாரம் கொடுத்தது. முதல் மாடியில், வெள்ளை டைல்ஸ் பதித்த மேடை, பளபளக்கும் அடுப்புகள், சுவரில் ஊட்டச்சத்துப் படம். அடுப்பின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கழற்றவில்லை. காரணம், அந்த அடுப்புக்கு கேஸ் கிடையாது. மாடியில் சிலிண்டர் வைக்கத் தீயணைப்புத் துறை அனுமதி வேண்டும், வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று தனசிங் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆகவே அந்த ஆண்டு முழுக்கச் சமையல் வகுப்பு என்பது கரும்பலகையில் குருமா எழுதிப்போடுவது. முதலில் எண்ணெய், பிறகு பட்டை கிராம்பு, பிறகு வெங்காயம். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நூற்றுக்கு அறுபது கைவேலை என்று பேனர் கட்டிய திட்டம் இது.

அக்தருக்கு இது முதல் நாளே கண்ணில் பட்டுவிட்டது. “அடுப்பு இன்னாத்துக்கு சார், ஷோவுக்கா?” என்று தனசிங்கிடமே கேட்டார்.

“உங்களுக்கு என்ன மேடம் கவலை? நீங்க சமைக்காத சமையலா?” என்று அவர் சிரித்தார். அக்தருக்கு அது பாராட்டாகவே பட்டது.

செய்முறைத் தேர்வு ஏப்ரலில் வந்தது. அதற்கு முந்தின வாரம் தனசிங் அக்தருக்கு ஃபோன் செய்தார். எங்கள் பக்கத்தில் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் என்பது படித்த எல்லோருக்கும் தெரியும். வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவருக்கு நல்ல சாப்பாடு போடுவார்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் மதிப்பெண்ணும் நன்றாக இருக்கும். வருஷா வருஷம் நடப்பதுதான், யாரும் அதைத் தப்பு என்றுகூட நினைப்பதில்லை, விருந்தோம்பல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். தனசிங் இந்த முறை ஒரு படி மேலே போனார். தேர்வாளருக்கு மட்டன் பிரியாணியும், மாணவர்கள் எல்லோரும் தட்டில் வைத்துக் காட்ட வேண்டிய புலாவ், ஃப்ரைட் ரைஸ், குருமா, சப்பாத்தி, கஸ்டர்ட் எல்லாமும் அக்தரே வீட்டில் செய்து கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். மாடியில் அடுப்பு எரியாதே, வேறு வழி?

இந்த இடத்தில்தான் அக்தர் தப்புக் கணக்குப் போட்டார். அவர் அதை ஆர்டராகவும் எடுத்துக்கொண்டார், பரீட்சையாகவும் எடுத்துக்கொண்டார். பத்து வருஷமாக, சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஊர் போடும் மார்க் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். எல்லோரும் தன் சாப்பாட்டைத்தான் சாப்பிடப்போகிறார்கள், அதுதான் தன் செய்முறைத் தேர்வு என்று முடிவுகட்டிவிட்டார். தேர்வு என்றால் எண் எழுதிய அட்டைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், கூப்பிடும்போது ‘சார்’ என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அன்று நான் பக்கத்துக் கட்டடத்தில் வேலைவாய்ப்புத் திறன் வாய்மொழித் தேர்வை நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அத்தாவுல்லாவின் லோடு ஆட்டோ வந்து நின்றதைப் பார்த்தேன். கேம்ப் ரோட்டில் தண்ணீர் லாரி குறுக்கே நின்று நேரமாகிவிட்டதாம். அக்தர் முன்னால் இறங்கி, பிரியாணி இருந்த பெரிய தேக்சாவின் ஒரு பக்கக் காதைத் தானே பிடித்துத் தூக்கினார். அதற்கப்புறம் நடந்ததை அவரும் கைனாத்தும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாத்திரங்கள் எல்லாம் மாடிக்குப் போயின. அக்தரே ஒவ்வொரு தட்டாக எடுத்துவைத்தார். கைனாத்தின் தட்டில் குருமா, ஷ்யாம்சுந்தரின் தட்டில் ஃப்ரைட் ரைஸ். தன் எண் இருந்த இடத்தில் புலாவை வைத்து மேலே புதினா தூவினார். எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி கொடுத்து, அடுப்பின் முன்னால் கரண்டியோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதற்குள் தனசிங் வந்து, “மேடம், கீழே சாப்பாட்டு ஏற்பாட்டைப் பாருங்க, எக்ஸாமினர் சீக்கிரம் சாப்பிடறவர். உங்க நம்பரை நான் பாத்துக்கறேன்” என்றார். அக்தர் கீழே போனார். இலை போட்டார், தால்சாவைச் சுடவைக்க வாட்ச்மேன் அறையில் இருந்த மின் அடுப்பைத் தேடிப் பிடித்தார், எலுமிச்சை நறுக்கினார்.

மேலே தேர்வாளர் சத்தியநாதன் ஒவ்வொரு தட்டாக வந்தார். பொத்தேரி பக்கம் ஒரு கேட்டரிங் கல்லூரியில் ஆசிரியர். ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு ஸ்பூன் ருசி, கையில் இருந்த டேப்லெட்டில் மதிப்பெண். புலாவ் தட்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. “இது யாரு?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கைனாத், “அக்கா கீழ இருக்காங்க சார்” என்றாள். “கீழ என்ன பண்றாங்க?” என்றார் அவர். அதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குப் பந்தி போடுகிறார் என்றா? தனசிங் அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சத்தியநாதன் அந்தப் புலாவிலும் ஒரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, டேப்லெட்டில் ‘வரவில்லை’யைத் தொட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்.

சிறிது நேரத்தில் எல்லோரும் கீழே வந்து உட்கார்ந்தார்கள். பரிமாறியது அக்தர். சத்தியநாதன் பிரியாணியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அக்தர் கறித்துண்டாகப் பார்த்து வைத்தார்.

வீட்டுக்குப் போகும்போது என் ஜன்னலுக்குக் கீழே நின்று, “எப்பிடி கீது நம்ம பரீட்ச?” என்று கையாட்டினார். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. பாத்திரத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மே மாதக் கடைசியில் முடிவு வந்தது. ஷ்யாம்சுந்தருக்குச் செய்முறையில் ஏறக்குறைய முழு மதிப்பெண். கைனாத்துக்கும் அப்படியே. எல்லோருமே பாஸ். அக்தர் ஆங்கிலத்தில்கூட பாஸ். உணவுத் தயாரிப்பு செய்முறைக்கு நேரே ‘வரவில்லை’ என்று இருந்தது. அவர் அதை மொபைலில் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். “மிஸ், இது வேற யாரோடதோ” என்றார்.

தனசிங்கிடம் போனோம். அவர் முகம் செத்துப்போனது. அப்புறமாகத் தேர்வாளரிடம் சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்து, பந்திப் பரபரப்பில் மறந்துவிட்டாராம். சத்தியமாக மறந்துதான் போயிருந்தார், அது எனக்குத் தெரிந்தது. அப்போதே “நான் மறந்துட்டேன், இவங்க வந்திருந்தாங்க” என்று வாரியத்துக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எழுத முடியாது என்றார். வந்திருந்தார் என்றால் எங்கே இருந்தார், கீழே என்றால் கீழே என்ன செய்தார், சமைத்ததைப் பரிமாறினார் என்றால் மேலே இருந்த தட்டெல்லாம் யாருடையது என்று நூல் பிடித்துக்கொண்டே வருவார்கள். மொத்தத் தேர்வும் ரத்தாகும். மையமும் போகும். “அடுத்த தடவை எழுதிடலாம் மேடம், நான் பாத்துக்கறேன்” என்றார். அந்த ‘பாத்துக்கறேன்’ என்ற வார்த்தையை அவர் மறுபடியும் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே கத்திவிட்டேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு அங்கே வகுப்பு இல்லை.

அக்தர் வாரியத்துக்குப் புகார் அனுப்பினார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அது எப்படியோ மற்ற மாணவர்களுக்குத் தெரிந்து, விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு கூட்டமே இரும்புலியூர் சந்துக்கு வந்துவிட்டது. நானும் அங்கே இருந்தேன். ஷ்யாம்சுந்தர் வாசலிலேயே நின்றுகொண்டான். கைனாத் உள்ளே வந்து அக்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது, இந்தச் சான்றிதழை வைத்து. அவள் அப்பா படுத்த படுக்கை.

“அக்கா, நீங்க சொன்னா எல்லாருக்கும் போயிடும்க்கா. என் வேலை போயிடும். நான் அன்னிக்கு சொன்னேங்க்கா, நீங்க கீழ இருக்கீங்கன்னு. நான் சொல்லாம இல்ல.”

“நீ சொன்ன. எனக்கு தெரியும்” என்றார் அக்தர். “உன் பொழப்புல மண்ண போட எனக்கு ஆசையா? நான் வரலன்னு எழுதிகீறாங்கடி. அதுக்கு நானே தலய ஆட்டிட்டு வரணுமா?”

“கேன்டீன் போனா உங்களுக்கு வேற ஆர்டர் வரும்க்கா. எங்களுக்கு இது ஒண்ணுதான்.”

அக்தர் எல்லோருக்கும் டீ போடச் சொன்னார். டீ குடித்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அத்தாவுல்லா மட்டும், வழக்கத்துக்கு மாறாக, “உனக்கு எது சரின்னு படுதோ அத்த செய்யி” என்றார்.

மறுநாள் விசாரணைக்கு அக்தரோடு நானும் ரயிலில் போனேன். சைதாப்பேட்டை தாண்டியபோதுதான் அக்தர் வாயைத் திறந்தார். “நான் பொய் சொன்னா அவங்க பாஸு. நெஜத்த சொன்னா அத்தினி பேரும் அவுட்டு. எவனோ ஒரு அடுப்ப பத்த வெக்காததுக்கு நாங்க ஒருத்தர ஒருத்தர் பேஜார் பண்ணிகினு கீறோம். இது இன்னா பரீட்ச மிஸ்?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் அந்தப் பெட்டியில் இல்லை.

விசாரணை அதிகாரியின் பெயர் சிவகுமார். குளிரூட்டிய அறை. ஒரு பக்கம் தனசிங், இன்னொரு பக்கம் சத்தியநாதன். அதிகாரி மரியாதையாகவே பேசினார்.

“அன்னிக்கு நீங்க தேர்வுக்கு வந்ததா சொல்றீங்க. யார் பார்த்தாங்கம்மா?”

அக்தர் சத்தியநாதனைக் காட்டினார். “சாரைக் கேளுங்க. ரெண்டுவாட்டி பிரியாணி வெச்சேன் அவருக்கு.”

சத்தியநாதன் அக்தரை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்கிற மனிதராக அவர் எனக்குத் தெரியவில்லை. “பிரியாணி நல்லா ஞாபகம் இருக்கு சார். ரொம்ப நல்லா இருந்துச்சு. பரிமாறினவங்க முகம் ஞாபகம் இல்லை” என்றார்.

அவர் இலைக்கு எதிரே நின்று, குனிந்து, கறித்துண்டு தேடிப் பார்த்து வைத்த பெண். அக்தர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

“முகத்த வுடுங்க சார். அந்த பிரியாணி நான் பண்ணது. மேல டேபிள் மேல இருந்துச்சே, அத்தினி தட்டும் நான் பண்ணதுதான். என் தட்டுலயும் நீங்க ஒரு ஸ்பூன் எடுத்து சாப்ட்டுகீறீங்க. சாப்ட்டுட்டு ஆளு வரலன்னு போட்டா எப்பிடி?”

சொல்லிவிட்டார். கைனாத்தின் வேலை, ஷ்யாம்சுந்தரின் மார்க், எல்லாம் அந்த மேசை மேல் வந்து விழுந்தது. அதிகாரி தனசிங்கைப் பார்த்தார். தனசிங் இதற்குத் தயாராகவே வந்திருந்தார்.

“எக்ஸாமினர்ஸ் லஞ்ச் வெளியில சொல்றது வழக்கம் சார். அதை சப்ளை பண்ணது இவங்கதான், மறுக்கலை. எக்ஸாம் ஐட்டம் எல்லாம் ஸ்டூடண்ட்ஸ் லேப்ல பண்ணது. போட்டோ அப்லோட் பண்ணியிருக்கோம்.”

நான் பொறுக்க முடியாமல் எழுந்தேன். “அந்த அடுப்புக்கு கேஸே கிடையாது சார். போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க, அடுப்பு மேல பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கு. இவங்க தேக்சாவோட வந்து இறங்கினதை நானே என் கண்ணால பார்த்தேன்.”

அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “புது அடுப்பு போல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “மேடம், நீங்க இங்கிலீஷ்தானே? சமையல் தேர்வு அறையில நீங்க இல்லையே? அவங்க பாத்திரத்தோட வந்ததைப் பார்த்தீங்க. அதாவது கேட்டரிங்குக்கு வந்திருக்காங்க. அதை யாரும் இல்லைன்னு சொல்லலையே” என்றார்.

அவ்வளவுதான். என் சாட்சியையே எடுத்து அக்தரின் தலையில் போட்டு மூடிவிட்டார்கள். விண்ணப்பதாரர் உணவு வழங்குவதற்காக வளாகத்துக்கு வந்திருந்தார், தேர்வுக்கு வரவில்லை என்பது உறுதியாகிறது, அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு வந்தது. மற்றவர்களின் தேர்ச்சியில் யாரும் கை வைக்கவில்லை. தேர்வை ரத்து செய்தால் அடுப்பைப் பற்றிப் பேச வேண்டிவரும். அடுப்பைப் பற்றிப் பேசினால், அந்த அடுப்பைப் பார்த்து அங்கீகாரம் கொடுத்தவர்களைப் பற்றியும் பேச வேண்டிவரும். அதைவிட ஒரு பெண் வராமல் இருந்துவிடுவது எல்லோருக்கும் வசதி.

கைனாத் இப்போது ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். அவள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அக்தர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்பதற்காக அந்த வகுப்பில் ஒருவரும் அவரோடு பேசுவதில்லை. தனசிங்கோடு எல்லோரும் பேசுகிறார்கள். அவர் மையத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் தட்டி வைத்திருக்கிறார். வராதவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம்.

ஜூனில் கேன்டீன் கை மாறியது. மேடவாக்கம் கம்பெனி ஒரு பெரிய கேட்டரிங் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. அந்த நிறுவனம் சமையற்கூடப் பொறுப்பாளராகப் போட்டிருப்பது ஷ்யாம்சுந்தரை. விதிப்படி அவனிடம் எல்லாம் இருக்கிறது, பிளஸ் டூ, உணவுத் தயாரிப்பு, செய்முறையில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள்? ஆனால் அவனுக்கு அந்த மதிப்பெண்ணை வாங்கிக்கொடுத்த ஃப்ரைட் ரைஸ் அக்தரின் சமையற்கூடத்தில் செய்தது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்தரிடம் வேலை பார்த்த பெண்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஒருத்தி அதே கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள். மீதி இருப்பவர்களை வைத்துக்கொண்டு அக்தர் கிடைத்த ஆர்டரைச் செய்கிறார். முன்பு மாதிரி விரட்டுவதில்லை. அந்தச் சந்துக்குள் இப்போது வாசனை மட்டும் வருகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது அவர் ஃபோன் அடித்தது. கை முழுக்க மாவு, அதனால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். தனசிங்.

“மேடம், நல்லா இருக்கீங்களா? அடுத்த பேட்ச்சுக்கு பிராக்டிகல் வருது. போன தடவை மாதிரியே நீங்களே எல்லா ஐட்டமும் பண்ணிக் குடுத்துடுங்க. எக்ஸாமினர் அந்த பிரியாணியைப் பத்தியே சொல்லிட்டிருந்தார்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஃபோனைப் பிடுங்கப் போனேன். அக்தர் வேண்டாம் என்று தலையசைத்தார். கையில் ஒட்டிய மாவை நிதானமாக உருட்டி எடுத்தார்.

“நான் எங்க சார் பண்ணேன்? நான்தான் அன்னிக்கி வரவே இல்லியே.”

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. “பழசை எல்லாம் இன்னும் மனசுல வெச்சிட்டிருக்கீங்களா மேடம்?”

“மனசுல இல்ல சார்” என்றார் அக்தர். “மார்க் ஷீட்ல கீது.”